யாருடைய நினைவில் பழைய முகவரி?

2021 செப்டம்பர் 30 அன்று, அலுவலக உரையாடல்களுக்காக உலகெங்கும் பயன்படும் ஸ்லாக் சேவை சிலருக்கு மட்டும் திறக்க மறுத்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்று அந்த நிறுவனமே பின்னர் கணக்குச் சொன்னது. ஓர் இணைய இணைப்பில் வராத ஸ்லாக், இன்னோர் இணைப்பில் சரளமாக வந்தது. அதன் சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. கோளாறுக்குக் காரணமான மாற்றத்தைப் பொறியாளர்கள் சீக்கிரமே திரும்பப் பெற்றும்விட்டார்கள். ஆனாலும் சிலருக்கு ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஸ்லாக் கிடைக்கவில்லை. “உங்கள் இணைய சேவை நிறுவனத்திடம் சொல்லி, அவர்களுடைய டிஎன்எஸ் கேச்சிலிருந்து எங்கள் பதிவை அழிக்கச் சொல்லுங்கள்” என்கிற அளவில்தான் ஸ்லாக்கால் அவர்களுக்கு உதவ முடிந்தது.

ஓர் இணையதளம் திறக்கவில்லை என்றதும் “டிஎன்எஸ் கேச்சை அழித்துப் பாருங்கள்” என்று யாராவது சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. பல சமயம் அது பலிக்கிறது. பலிக்காதபோது ஏன் பலிக்கவில்லை என்று யாரும் விளக்குவதில்லை. ஒரு தளத்தின் முகவரி என்ன என்ற கேள்விக்கான விடையை நினைவில் வைத்திருக்கும் இடங்கள் பல. நம் கணினியில் கட்டளை கொடுத்து நாம் அழிப்பது அவற்றில் ஓர் இடத்தை மட்டுமே. எந்த இடத்தில் இருக்கும் விடை பழசாகிவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. கட்டளை அடிப்பது அதற்குப் பிறகு வருவது.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. ஐபி முகவரி என்பது அந்த எண். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அந்தப் பெயருக்குரிய எண் தெரியுமா என்று பிரௌசர் முதலில் தன் நினைவில் தேடுகிறது. இல்லையென்றால் விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளத்திடம் கேட்கிறது. அதனிடமும் இல்லையென்றால் கேள்வி வீட்டு ரூட்டரைத் தாண்டி, இணைய சேவை நிறுவனம் நடத்தும் ‘ரிசால்வர்’ என்ற கணினிக்குப் போகிறது. ரிசால்வருக்கும் தெரியாவிட்டால் அது அடியிலிருந்து விசாரணையைத் தொடங்கும். முதலில் ரூட் சர்வர். டாட் காம் பெயர்களுக்கு யாரைக் கேட்க வேண்டும், டாட் இன் பெயர்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியும். அது கைகாட்டும் டாட் காம் சர்வர், அந்தக் குறிப்பிட்ட தளத்தின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வரைக் கைகாட்டும். அந்த மூன்றாவது சர்வர்தான் கடைசியில் எண்ணைச் சொல்லும்.

ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள்தான் உண்டு. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் உலகம் முழுக்கப் பிரதிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். எஃப் ரூட்டின் ஒரு பிரதி சென்னையிலும் இருக்கிறது. ஆனால் நாம் தேடும் தளத்தின் சொந்த சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தால், கேள்வி கடலடி இழையில் போய் விடை திரும்பக் கால் நொடி அளவுக்கு ஆகிவிடும். இன்றைய செய்தித்தளம் ஒன்றின் ஒரே பக்கத்தில் படம், எழுத்துரு, விளம்பரம் என்று பத்திருபது வெவ்வேறு பெயர்கள் அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முறையும் இந்த விசாரணை முழுவதும் நடந்தால் இணையம் நகராது. ரூட் சர்வர்களும் தாங்காது. அதனால் வழியில் உள்ள ஒவ்வொருவரும் கேட்டறிந்த விடையைக் கொஞ்ச காலத்துக்குத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தற்காலிகச் சேமிப்புதான் கேச்.

இப்படி ஓர் ஏற்பாடு வருவதற்கு முன்பு நிலைமை வேறு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. 1972 முதல் அந்த மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணி. புதிதாக ஒரு கணினியை இணைப்பவர்கள் அவருடைய குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். குழு கோப்பில் சேர்க்கும். மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பைத் தரவிறக்கித் தங்கள் கணினியில் வைத்துக்கொள்வார்கள். சில நூறு கணினிகள் இருந்தவரை இது ஓடியது. அதற்கு மேல் கோப்பும் பெருத்தது, அதைத் தரவிறக்கும் கூட்டமும் பெருத்தது. ஒரே மையம், ஒரே பட்டியல் என்ற முறை மூச்சுத் திணறியது.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல், இதற்கென ஏற்கெனவே வந்திருந்த ஐந்து யோசனைகளை ஆராய்ந்து சமரசமாக ஒன்றைத் தரும்படி பால் மோக்கபெட்ரிஸ் என்ற இளம் பொறியாளரிடம் சொன்னார். மோக்கபெட்ரிஸ் ஐந்தையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1983 நவம்பரில் வெளியான அந்த வடிவம்தான் டிஎன்எஸ். 1987 நவம்பரில் அவர் அதைத் திருத்தி எழுதிய இரண்டு ஆவணங்கள் இன்றும் டிஎன்எஸ்ஸின் அடித்தளமாக இருக்கின்றன. தகவல் கிடைத்தாக வேண்டும் என்பதே முதன்மை, அது அந்தக் கணமே புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதோ எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதோ அடுத்தபட்சம் என்று அவற்றில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அதாவது, சில சமயம் சிலரிடம் பழைய விடை இருக்கும் என்பது தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்ட விலை. அந்த விலையைக் கொடுத்ததால்தான் சில நூறு கணினிகளுக்கான ஏற்பாடு பல நூறு கோடிக் கருவிகளுக்கும் தாங்குகிறது. என்னைக் கேட்டால், கணினித் துறையில் எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான முடிவுகளில் இது ஒன்று.

பழைய விடை என்றென்றைக்கும் தங்கிவிடாமல் இருக்க ஒரு வழியும் செய்தார் மோக்கபெட்ரிஸ். பால் உறையில் அச்சிட்ட தேதியைப் போல ஒவ்வொரு விடையோடும் ஓர் ஆயுள் ஒட்டிவருகிறது. டிடிஎல் என்று பெயர். நொடிக் கணக்கில் இருக்கும். 300 என்றால் ஐந்து நிமிடம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். ஆயுளை நிர்ணயிப்பவர் அந்தப் பதிவுக்கு உரியவர். ரிசால்வர் வாங்கிவைத்ததும் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். ஒரு மணி நேர ஆயுள் கொண்ட விடை ரிசால்வரிடம் ஐம்பது நிமிடம் இருந்துவிட்டது என்றால், அப்போது கேட்கும் நம் கணினிக்கு மீதமுள்ள பத்து நிமிடம்தான் கிடைக்கும். ஒரே தெருவில் ஒருவருக்குப் புதிய தளமும் இன்னொருவருக்குப் பழைய தளமும் தெரிவது இதனால்தான். அவரவர் ரிசால்வர் அந்த விடையைக் கடைசியாக எப்போது வாங்கியது என்பதைப் பொறுத்தது அது.

நினைவில் வைத்திருப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. தவறான விடையை யாராவது நினைவில் நுழைத்துவிட்டால்? அதைக் கேட்கும் அத்தனை பேரும் போலித் தளத்துக்குப் போவார்கள். பழைய டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 65,536 எண்களில் ஏதோ ஒன்று. உண்மையான விடை வருமுன் சரியான எண்ணை ஊகித்துப் போலி விடையை அனுப்ப வேண்டும். ஊகம் தவறினால் உண்மையான விடை சேமிப்பில் உட்கார்ந்துவிடும். அதன் ஆயுள் முடியும்வரை மறுபடி முயல முடியாது. இந்தக் காத்திருப்பையே ஒரு பாதுகாப்பாக எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2008இல் டான் கமின்ஸ்கி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் அந்தக் காத்திருப்பைச் சுற்றிப் போக வழி இருப்பதைக் கண்டார். இல்லாத துணைப்பெயர்களைப் புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் சேமிப்பில் இருக்காது, எனவே ஒவ்வொரு கேள்வியும் ஒரு புதிய வாய்ப்பு. போலி விடையோடு அந்தத் தளத்தின் சர்வர் முகவரியையே மாற்றிச் சேர்த்து அனுப்பலாம். நினைத்தால் இதை விற்றுப் பணம் பார்த்திருக்கலாம். அவர் மென்பொருள் நிறுவனங்களிடம் சொன்னார். பல மாதம் ரகசியமாக வேலை நடந்து, 2008 ஜூலை 8 அன்று எல்லோரும் ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டார்கள். 2021இல், 42 வயதில் அவர் இறந்துபோனார்.

அந்தத் திருத்தம் ஊகிப்பதைக் கடினமாக்கியதே தவிர, முடியாததாக்கவில்லை. நிரந்தர வழி, விடை ஒவ்வொன்றிலும் கணிதக் கையொப்பம் இருப்பது. டிஎன்எஸ்செக் எனப்படும் அந்த முறையில் ரூட் அளவிலான கையொப்பம் 2010 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்லாக் 2021இல் செய்ய முயன்றது இதைத்தான். தன் பெயருக்குக் கையொப்பத்தை இயக்கியது. அதற்கு அடையாளமாக, “இந்தப் பெயருக்குக் கையொப்பம் உண்டு, சரிபார்க்கவும்” என்ற பதிவு டாட் காம் சர்வர்களில் ஏறியது. சற்று நேரத்தில் வேறொரு மென்பொருள் பிழையால் சிலருக்குத் தளம் கிடைக்காமல் போக, பொறியாளர்கள் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். அங்கேதான் சிக்கியது. டாட் காமில் ஏறிய அந்தப் பதிவின் ஆயுள் 24 மணி நேரம். அதை நிர்ணயிப்பது ஸ்லாக் அல்ல. டாட் காமிலிருந்து பதிவை நீக்கியாகிவிட்டது. ஆனால் அதை ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த ரிசால்வர்கள் கையொப்பத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தன. கையொப்பம் இல்லாத விடை வந்ததும் போலி என்று தள்ளின. கையொப்பத்தைச் சரிபார்க்காத ரிசால்வர்களைப் பயன்படுத்தியவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. பாதுகாப்பில் அக்கறை எடுத்துக்கொண்ட ரிசால்வர்களை நம்பியவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

இந்த நிலையில் பயனர் தன் கணினியில் கேச்சை எத்தனை முறை அழித்தாலும் பயன் இல்லை. அழித்ததும் கணினி மறுபடி அதே ரிசால்வரிடம்தான் கேட்கும். அதே மறுப்புதான் வரும். ரிசால்வரை நடத்துபவர் அழிக்க வேண்டும், அல்லது 24 மணி நேரம் கழிய வேண்டும், அல்லது பயனர் வேறு ரிசால்வருக்கு மாற வேண்டும்.

கோளாறு நம் மேசையில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. விண்டோஸில் என்எஸ்லுக்அப் என்ற கட்டளையோடு தளத்தின் பெயரைக் கொடுத்தால், அது கணினியின் கேச்சைப் பார்க்காமல் நேராக ரிசால்வரைக் கேட்டு விடையைக் காட்டும். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு, சாய்கோடு போட்டு, டிஸ்ப்ளேடிஎன்எஸ் என்று சேர்த்தால், கணினி தன் நினைவில் வைத்திருப்பவை மீதமுள்ள ஆயுளோடு வரிசையாக வரும். சில நொடி விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள், எண்கள் இறங்கியிருக்கும். இரண்டு விடைகளும் வேறுபட்டால் நம் கணினியில் பழசு தங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. பெரிய தளங்கள் ஒரே பெயருக்குப் பல எண்களை மாற்றி மாற்றித் தருவதால் வேறுபாடு மட்டுமே தீர்ப்பு ஆகிவிடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்து, கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போன்ற பொது ரிசால்வரிடம் கேட்டால் மட்டும் வேறு விடை வருகிறது என்றால், பழைய விடை அநேகமாக இணைய சேவை நிறுவனத்தின் ரிசால்வரிடம் இருக்கிறது. வீட்டு ரூட்டர் விடைகளைச் சேமிக்கும் வகையாக இருந்தால் அதனிடமும் இருக்கலாம். கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் ரிசால்வரிலிருந்து ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் அழிக்கச் சொல்ல இணையப் பக்கமே வைத்திருக்கின்றன. எல்லா இணைய சேவை நிறுவனங்களும் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

நம் கணினியில் அழிப்பது சில நொடி வேலை. விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ஃபிளஷ்டிஎன்எஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் போதும். மேக்கில் டெர்மினலைத் திறந்து எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர் என்ற சேவையைப் புதுப்பிக்கும் கட்டளை கொடுக்க வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். லினக்ஸ் பலவற்றில் ரிசால்வ்சிடிஎல் என்ற கருவி இதைச் செய்கிறது. கைபேசியில் விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தாலோ, அணைத்துப் போட்டாலோ பெரும்பாலும் போதும். இதனால் கோப்புகளோ கடவுச்சொற்களோ எதுவும் அழியாது. அடுத்த சில தளங்கள் முதல்முறை திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு தாமதமாகலாம், அவ்வளவுதான். இதைச் சொல்லக் காரணம், டிஎன்எஸ் கேச்சை அழிப்பதாக நினைத்து பிரௌசரின் வரலாறு, சேமித்த கடவுச்சொல் எல்லாவற்றையும் துடைத்தெறிந்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. பிரௌசர் சேமிக்கும் படங்களும் பக்கங்களும் வேறு, இது வேறு.

இயங்குதளத்தில் அழித்தும் பழைய தளமே வருகிறதென்றால் பிரௌசரைச் சந்தேகிக்கலாம். குரோமின் நெட் இன்டர்னல்ஸ் பக்கத்தில் டிஎன்எஸ் பகுதிக்குப் போனால் அதன் சொந்தச் சேமிப்பை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. பழைய சர்வரோடு ஏற்கெனவே திறந்த இணைப்பையும் பிரௌசர் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருக்கும். முழுவதுமாக மூடித் திறந்தால் அது அறுபடும். எஸ்ஆர்ஐ காலத்துக் கோப்பின் வாரிசு ஒன்றும் இன்றைய கணினிகளில் இருக்கிறது. ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் இருக்கும் அந்தச் சிறு கோப்பில் ஒரு பெயருக்கு எண் எழுதிவைத்திருந்தால், கணினி வழக்கமாக டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் அதைத்தான் நம்பும். கேச்சை அழித்தாலும் அந்த வரி அப்படியே இருக்கும். சோதனைக்காக யாரோ எழுதி மறந்த வரியும், தீய மென்பொருள் எழுதிவைத்த வரியும் இப்படி ஆண்டுக்கணக்கில் தொல்லை கொடுப்பது உண்டு.

ஸ்லாக் சம்பவம் நடந்து நான்கே நாளில், 2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரம் இரவு ஒன்பது மணியைத் தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் நின்றன. சுமார் ஆறு மணி நேரம். நம் ஊரிலும் பலர் ரூட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்த இரவு அது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்துவிட, அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பாதைகள் இணையத்திலிருந்து மறைந்தன. ரிசால்வர்கள் கேட்டன, பதில் சொல்ல யாரும் இல்லை. அழிக்க வேண்டிய பழைய விடை எதுவும் எங்கும் இல்லாதபோது அழிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றுபோன தளத்துக்கு நம் கணினியில் மருந்து தேட வேண்டாம்.

அதிகம் பேசப்படாத ஒன்று, ‘இல்லை’ என்ற விடையும் சேமிக்கப்படுகிறது என்பது. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று ரிசால்வர் கேட்டறிந்தால், அதையும் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்திருக்கும். 1998இல் இதற்கான விதிகள் முறைப்படுத்தப்பட்டன. புதிதாகத் தளம் தொடங்குபவர்களைக் கடிக்கும் விதி இது. பெயர் பதிவு செய்தாயிற்று, எண் இன்னும் சேர்க்கவில்லை. ஆர்வத்தில் வந்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கிறோம். அந்த நொடியில் ‘இல்லை’ என்ற விடை நம் ரிசால்வரில் பதிந்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் எண்ணைச் சேர்த்த பிறகும் நமக்கு மட்டும் தளம் வராது. வெளியூர் நண்பருக்கு வரும். பதிவைச் சேர்த்து முடிக்கும்வரை தட்டிப் பார்க்காமல் இருப்பதே இதற்கு நல்ல வழி.

உண்மையில் கேச்சை அழிக்கும் தேவையில் பெரும்பகுதி பயனரிடம் வந்திருக்கவே வேண்டியதில்லை. கல்லூரியோ கடையோ தன் தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது, மாற்றிவிட்டு, வரவில்லை என்பவர்களிடம் கேச்சை அழிக்கச் சொல்வது வேலையைத் தலைகீழாகச் செய்வது. தகவல் தொழில்நுட்பம் அறியாத பெற்றோர், வாடிக்கையாளர் தலையில் அந்தச் சுமை விழுவது நியாயம் அல்ல. இதற்கான முறையை மோக்கபெட்ரிஸ் 1987 ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்: மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆயுளைக் குறை, மாற்றம் முடிந்ததும் பழைய அளவுக்கு உயர்த்து. பதிவின் ஆயுள் 86400 நொடி என்றால் மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே அதை 300 ஆக்க வேண்டும். பழைய ஆயுளோடு வாங்கிவைத்தவர்களின் நினைவு காலாவதியாக ஒரு நாள் முழுதாகக் கழிய வேண்டும் என்பதால்தான் இந்த முன்கூட்டல். அதன் பிறகு எண்ணை மாற்றினால் உலகின் பெரும்பகுதி ஐந்தாறு நிமிடத்தில் புதிய இடத்துக்கு வந்துவிடும். ஆயுளைக் கண்டிப்பாக மதிக்காத சில ரிசால்வர்களும் உண்டு; அவற்றுக்காகப் பழைய சர்வரை இன்னும் இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, அதில் வருகையாளர் யாரும் இல்லை என்று பதிவேட்டில் பார்த்த பிறகு நிறுத்தலாம்.